இரட்டைக்கொம்பு

பினாங்கு வீதி, நகைக்கடைக்கு மேல்மாடி.
என் மேசைக்கு வருகிறவர்கள்
விடையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள்.
மருதையனிடம் விடை இல்லை.
லோரிச் சாவியை விரலில் சுழற்றியபடி
பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை நீட்டினார்.

மலாயில் தட்டச்சு செய்த நாலு வரி:
இவரை எனக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும்.
கீழே நீல மையில், தமிழில், இராகவேலு.
மூன்று தேர்தல் வென்றவர்.
அப்பா ஃபெரியில் அவரைப் பார்த்துக் கேட்டாராம்,
தூணில் தாளை வைத்துப் போட்டுக் கொடுத்தாராம்.
நான் 'மெய்' என்று எழுதித் தந்தால்
ஏலக்காரர் ஓங் இரண்டாயிரம் வெள்ளி தருவார்.

இராகவேலுவின் கையெழுத்து என்னிடம் நாற்பத்தொன்று.
கும்பாபிஷேக மலர், பள்ளிப் பரிசுச் சான்று,
தீபாவளி அட்டைகள், ஒரு பூப்பந்து மட்டை.
எல்லாவற்றிலும் எழுத்துகள்
தலைவாரி வரிசையில் நிற்கும் பிள்ளைகள்.
இந்தத் தாளில் 'லு'வின் வால் நொண்டுகிறது.
பொய் என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

என்னவோ, விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
மை மேல் மை ஏறிய இடம் ஒன்று.
கொம்பின் வால் 'வ'வின் முதுகில் படுத்திருந்தது.
அப்படியானால் 'வ'தான் முதலில்.
பிறகு கை பின்னால் வந்து
இடுக்கில் இரட்டைக்கொம்பைச் செருகியிருக்கிறது.
யார் இப்படி எழுதுவார்?
வளர்ந்த பிறகு, காதால் எழுத்துப் படித்தவர்.
வாயில் 'வ' வந்து
அப்புறம்தான் அவருக்கு 'ஏ' வருகிறது.

நாற்பத்தொன்றையும் லென்சுக்கடியில் வைத்தேன்.
கொம்பு முதலில். கொம்பு முதலில்.
கொம்பு முதலில்.
அவற்றில் பதினொன்றுக்குச் சான்று கொடுத்தவள் நான்.

பாசார் தெரு காதர் கனி கடைப் பரணில்
அந்தக் காலத்துக் கடன் நோட்டுகள் கிடந்தன.
தேத்தண்ணி இரண்டு, ரொட்டி ஒன்று: இராகவேலு.
மீன்கறி: இராகவேலு.
எல்லாவற்றிலும் 'வ' முதலில், வால் நொண்டி.
கடைசிப் பக்கத்தில்
நாலு வெள்ளி அறுபது காசு பாக்கி.
"ஜெயிச்சிட்டாரு, அத்தா கேக்கல" என்றார் மகன்.

ஆயர் ஈத்தாமில் ஞானப்பூ அம்மா,
அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்தவர்.
ஃபோனில் சிரித்தார்.
"என் கை கோழி கிண்டின மாதிரி,
நீயே போட்டுடும்மான்னு சொல்வாரு.
பதிமூணு வருஷம் போட்டேன்.
பென்ஷன் ஃபாரத்துல என் பேரப் போடத்தான்
கை தடுமாறிப்போச்சு."

மருதையனைக் கூப்பிட்டு, மெய் என்றேன்.
அவர் தாளைத் திருப்பினார்.
அழுத்தம் பார்க்க நானும் பலமுறை திருப்பிய பக்கம்தான்.
வெளிறிய ஊதா முத்திரை.
அதன் குறுக்கே யாரோ ஓர் அதிகாரி மலாயில் எழுதியிருந்தது:
கையெழுத்து ஒத்துவரவில்லை.

அந்த ஆபீஸ் கோப்பில் இருந்திருக்கும்,
ஞானப்பூவின் அழகான கை.

"அப்பாவுக்குக் கடைசிவரைக்கும் சிவப்பு ஐ.சி.தான்" என்றார்.
"கள்ளக் கையெழுத்துக்காரர்னு
தோட்டத்துல பேரு வேற."

ஓங்குக்கு அவர் விற்கவில்லை.
சான்றில் இரண்டு பிரதி கேட்டார்.
இன்னொன்று எதற்கு என்றேன்.
"அந்த ஆபீஸ் இப்ப எங்க இருக்குங்க?"
புத்ராஜெயாவாக இருக்கலாம் என்றேன்.
டீசல் ரசீதின் பின்புறம் குறித்துக்கொண்டார்.

பதினொரு பேருக்குக் கடிதம் எழுதவேண்டும்.
இன்னும் எழுதவில்லை.

அன்று இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன்.
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்
என்னுடைய இரண்டும்
ஒன்றுபோல் இல்லை.